முகத்துறை முரசும் மணிநாட்டு அவையும்

வைகாசி மாதத்து மாலைக் கதிரவன் மேற்கு மலைகளுக்குப் பின்னே இறங்க, கிழக்கே எழுந்த முழுநிலவு மணிநதியின் அகன்ற நீர்ப்பரப்பில் வெள்ளியை உருக்கி வார்த்தது. கரையோரப் புன்னைகள் பூச்சொரிய, நீர்க்காகங்கள் வரிசையாய்க் கூடு திரும்ப, நதியை நோக்கி நின்ற முரசுக்குன்றின் மண்டபத்தில் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். இத்தனை அழகிய மாலையில் ஏன் பல்லைக் கடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள், அன்பு வாசகர்களே. அவனிடத்தில் நீங்கள் இருந்தால் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அவன் பெயர் காரிவேள். கருந்தீவுக் கடற்கொள்ளையரைத் தடுக்க மூன்று அரசர்கள் சேர்ந்து அமைத்த கூட்டுக் காவலின் தலைவன். கடலோரத்து முகத்துறைக் கோட்டையிலிருந்து உள்நாட்டுப் பாசறை வரை குன்றுக்குக் குன்று முரசு வைத்திருந்தார்கள். ஒன்று முழங்கினால் அடுத்தது முழங்கும். இரண்டு நாழிகையில் படை கோட்டையை அடைந்துவிடும். இடையில் இந்த ஒரு குன்று மட்டும் மணிநாட்டுக்குச் சொந்தம். மணிநாடோ ஐந்து தலைமுறையாக எந்தப் பக்கமும் சாயாத நாடு.

கூட்டுக் காவலில் சேரலாமா என்று மணிநாட்டார் மூன்று ஆண்டு யோசித்தார்கள். வாள் எடுக்க மாட்டோம், முரசு மட்டும் அடிப்போம் என்று இறங்கி வந்தார்கள். அத்தோடு விட்டார்களா? ஒரு தரப்புக்குச் சொல்வதை மறு தரப்புக்கும் சொல்வதுதான் நடுநிலையாம். ஆகவே கருந்தீவின் தூதனுக்கும் அவையில் சம ஆசனம். முரசடிக்குமுன் அவனிடம் முறைப்படி தெரிவித்து, அவன் "கேட்டேன்" என்று சொன்ன பிறகே கோலைத் தொடலாம். இப்படியும் ஒரு கூத்து உலகத்தில் உண்டா?

அந்த வேளையில்தான் கோட்டை முரசு தொலைவில் அதிரத் தொடங்கியது. கொள்ளையர் படகுகள் ஆற்று முகத்தில் நுழைந்துவிட்டன. கோட்டைக்குள் காரிவேளின் தம்பியும், இருநூறு வீரர்களும், அடைக்கலம் புகுந்த பரதவர் குடும்பங்களும் இருந்தார்கள். மண்டபத்தில் கூடியிருந்த மணிநாட்டு அவையில் அமைச்சர் கணவதியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவிப்பு ஓலையை வாசித்தார். கருந்தீவுத் தூதன் பொறுமையாகக் கேட்டான்; இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான்; பிறகு கால் கழுவி வருவதாகச் சொல்லி எழுந்து போனவன் போனவன்தான்.

காரிவேள் படித்துறைக்கு ஓடிப் பார்த்தபோது, தாம்பூலமும் மாலையுமாக ஒரு படகு ஆற்றின் நடுவே போய்க்கொண்டிருந்தது.

"அமைச்சரே, அது யாருடைய படகு?"

"நம்முடையதுதான், படைத்தலைவரே. தூதர் விடை கேட்டால் படகு கொடுப்பது வழக்கமாயிற்றே."

"சரி, இனியாவது முரசை அடிக்கச் சொல்கிறீர்களா?"

கணவதியார் மிகுந்த வருத்தத்தோடு தலையசைத்தார். "கேட்டேன்" என்று சொல்ல ஆள் இல்லாதபோது அடித்தால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்றார். வேறு தூதன் வரும்வரை பொறுக்க முடியுமா என்றும் விசாரித்தார். காரிவேள் தானே அடிக்கப் பாய்ந்தான். எல்லையிலேயே அவன் வாளை வாங்கி வைத்துக்கொண்ட மணிநாட்டு வீரர்கள், மன்னிக்க வேண்டும் ஐயா என்று சொல்லிக்கொண்டே ஈட்டிகளைக் குறுக்கே நீட்டினார்கள். கோட்டை முரசு விட்டு விட்டுக் கேட்டது. அடிப்பவன் களைத்துவிட்டான் போலும்.

இத்தனை நேரமும் அரியணையில் அமர்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்த இளம் அரசி வரகுணவல்லி எழுந்தாள். காரிவேளுக்கும் அவளுக்கும் இடையே மூன்று ஆண்டுகளாக என்ன இருந்தது என்பதை அந்த அவையில் கணவதியார் ஒருவரைத் தவிர எல்லோரும் அறிவார்கள். முத்திரை மோதிரத்தைக் கழற்றி அமைச்சர் கையில் வைத்து, தங்கைக்கு முடிசூட்டச் சொன்னாள். நடுநிலை மீறியவர் அரசியே ஆனாலும் அன்றே நாடு நீங்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அது தெரிந்தேதான் அவள் முரசுக் கோலை எடுத்தாள். ஈட்டிகள் தாமாகவே விலகின.

முரசுக்குன்று அதிர்ந்தது. மேற்குக் குன்று மறுமொழி சொல்லிற்று, அதற்கப்பால் இன்னொன்று. பாசறை வரை முழக்கம் ஓடிய பிறகே அவள் கோலைக் கீழே வைத்தாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

காரிவேள் அவளருகே வந்தான். "தேவி, எல்லையில் என் தேர் நிற்கிறது. என் ஊரும் வீடும் தங்களுடையவை. வாருங்கள்."

"வர மாட்டேன். தங்கள் மீது எனக்கு ஆசை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இன்று தங்களோடு வந்தால், ஆசைக்காக முரசடித்தாள் என்பார்கள். நான் கோட்டைக்குள் இருப்பவர்களுக்காக அடித்தேன். யாரையும் கேட்காமல் இந்தக் குன்றில் முரசடிக்கலாம் என்று என் மக்கள் தாங்களாகவே முடிவு செய்யும் நாள்வரை, மூன்று அரசர் மண்ணிலும் கால் வைக்க மாட்டேன். இது சத்தியம்."

"பிறகு எங்கே போவீர்கள்?"

"ஆற்றின் நடுத்திட்டு எவருக்கும் சொந்தமில்லை."

அடப் பாவிகளே, காதலில்கூடவா நடுநிலை என்று காரிவேளுக்குக் கத்தத் தோன்றியது. கத்தவில்லை. கணவதியார் வழக்கப்படி அவளுக்கும் தாம்பூலமும் மாலையும் கொடுத்துப் படகேற்றினார். படகு திட்டை நோக்கி மேற்கே திரும்பியது. தம்பியோ கிழக்கே, கோட்டையில் இருந்தான். காரிவேள் ஒரு கணம் நின்றான். பிறகு தன் வாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிழக்கே ஓடினான்.