கதவைத் திறந்தே வைக்கிறேன்

முகத்துக்கு சோப்பு போட்டுக்கொண்டு கண்ணை மூடியபோது கவிநிலாவுக்கு இருட்டு வரவில்லை. ஒரு வாசல் தெரிந்தது.

பச்சைப் பெயிண்ட் உரிந்த கதவு. அதற்கு வெளியே வெயில், கொடியில் ஒரு துண்டு, மண்ணைக் கிளறும் கோழி. அடி அண்ணாமலையில் அம்மா வீட்டு வாசல். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற உயரத்தில் தெரிந்தது. தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள். ஸ்டுடியோவின் பின்பக்கம், சொட்டுகிற குழாய், பிரிண்டர் மையின் வாசனை. மறுபடி மூடினாள். கோழி மட்டும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

அம்மா சரோஜா போனதிலிருந்து சரியான தூக்கமில்லை. அதனால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

அவள் ஸ்டுடியோவுக்குக் கல்யாணத்தைவிட சாவு வேலைதான் ஜாஸ்தி வரும். இறந்தவரைக் குளிப்பாட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சரியாமல் துண்டால் கட்டி, குடும்பமே சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ளும். பிறகு முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, தாடைக்கட்டையும் மூக்குப் பஞ்சையும் நெற்றிக் காசையும் கம்ப்யூட்டரில் அழித்து, கண்ணைத் திறந்துவைத்து ஃப்ரேம் போட்டுக் கொடுக்க வேண்டும். கண்ணைப் பழைய படத்திலிருந்து எடுப்பார்கள். அம்மாவுக்குப் பழைய படமே இல்லை; கேமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள். ஆதார் கார்டில் இருந்ததும் கரி பூசினாற்போல இருந்தது. கவிநிலா தன் பாஸ்போர்ட் சைஸ் படத்திலிருந்து தன் கண்களையே வெட்டி வைத்தாள். அளவெடுத்ததுபோல உட்கார்ந்தன.

அப்போது ஏனோ ஆறுதலாக இருந்தது. அம்மா அவளைப் பார்க்கிறாள், கோபமில்லாமல்.

கோபப்பட அம்மாவுக்குக் காரணம் இருந்தது. அதைக் கவிநிலா யாரிடமும் சொல்லவில்லை. அம்மா இறந்த அன்று பௌர்ணமி. மதியம் அம்மா போன் செய்தாள்.

"நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது கவி. தம்பி கீழ்பென்னாத்தூர் போயிருக்கான். நீ கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

அம்மா அடிக்கடி அப்படித்தான் சொல்வாள். ஒரு ஆல்பம் வேலை பாக்கி இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுக்காமலே கவிநிலா சொன்னாள், "கிளம்பிட்டேம்மா. வழியிலதான் இருக்கேன். கிரிவலக் கூட்டத்துல மாட்டிக்கிட்டேன்." தலைக்கு மேலே ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது.

"சரி, பார்த்து வா. கதவ தொறந்தே வெக்கிறேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

இப்போது கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து, வைத்த கண்களை அழித்தாள். மூடிய இமைகள் திரும்ப வந்தன. தன் கண்ணை மூடிப் பார்த்தாள். வாசல் இருந்தது. இங்கே கம்ப்யூட்டரில் அழித்தது கணக்கில்லை. ஃப்ரேம் போட்ட படம் நேற்றே வீட்டுக்குப் போய்விட்டது. நாளைக்குக் காரியம்.

ஸ்கூட்டியை எடுத்தாள். இமைக்கப் பயந்தாள். எதிர்க்காற்றில் கண் எரிந்து நீர் வழிந்தது, லாரி ஹாரன்களும் சாலையோர வடைச் சட்டிகளின் எண்ணெய்ப் புகையும் மங்கலாகக் கடந்து போயின, இமைத்த ஒவ்வொரு முறையும் அந்த வாசலும், மேலே வானம் இருட்டிய அளவுக்கே, இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு இமைப்பில் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் துடைப்பத்தோடு வாசலைக் கடந்தாள்.

வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தியபோது ஜோதியம்மாள் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

தம்பி சக்திவேல் ஸ்டூலில் ஏறி டியூப்லைட் கட்டிக்கொண்டிருந்தான். "அக்கா, அம்மாவுக்கு உன் கண்ண வெச்சிட்டியா? ராத்திரி லேட்டா வந்தேன், உள்ள நுழையவே முடியல. நீ மொறைக்கிற மாதிரியே இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தப் படத்த குடுடா. மாத்தணும்."

"நல்லாத்தானே இருக்கு? உள்ள நாற்காலி மேல இருக்கு, எடுத்துக்க."

ஜோதியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "கண்ணத் தொறந்து வெச்சது எனக்கும் மனசு ஒப்பல கவி. அன்னிக்கி மூடவே மாட்டேன்னுச்சு தெரியுமா? வாசலையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நான் மூடுவேன், திரும்பத் தொறந்துக்கும். கடைசில காதுக்கிட்ட போய், சரோஜா, உன் பொண்ணு வந்துட்டாடின்னு ஒரு பொய் சொன்னேன். அப்புறந்தான் மூடுச்சு."

கவிநிலா செருப்பைக் கழற்றினாள்.

"நீ என்ன பண்ணுவ, கூட்டத்துல மாட்டிக்கிட்ட," என்றாள் ஜோதியம்மாள்.

கவிநிலா வாசற்படியில் ஏறினாள். உள்ளே ஊதுவத்தி வாசனை, வாடிய சம்பங்கி வாசனை. விளக்கு போடவில்லை. எதிரே, அன்று அம்மாவை உட்காரவைத்த அதே பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாலையோடு அம்மா. அந்தக் கண்கள் நேராக அவளைப் பார்த்தன. இல்லை. அவளைத் தாண்டிப் பார்த்தன.

"அம்மா," என்றாள். "நான் வந்துட்டேன்."

கண்ணை மூடினாள்.

வாசல் தெரிந்தது. வெளியே டியூப்லைட் எரிந்தது. ஸ்டூலில் சக்திவேல். சுவரோரம் ஜோதியம்மாள். நடுவில் வாசற்படி.

படியில் யாருமில்லை.

கையைத் தூக்கினாள். அங்கே கை தெரியவில்லை.

கண்ணைத் திறந்தாள். வாசல்தான் தெரிந்தது. நாற்காலி உயரத்தில். மூக்கருகே மாலையின் சம்பங்கி.

சக்திவேல் ஸ்டூலிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "அக்கா?" அவளை நேராகப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "வண்டி நிக்குது. ஆளக் காணோம் அத்த."

போனை எடுத்து அக்கா நம்பருக்கு அடித்தான். ஸ்பீக்கரில் போட்டான். எதிர்முனையில் ஒரு ஃபேன் கடகடத்தது. பிறகு அவள் குரல்.

"கிளம்பிட்டேன். வழியிலதான் இருக்கேன்."

"சரிக்கா, பார்த்து வா," என்றான். "கதவு தொறந்தேதான் இருக்கு."

அவள் கத்தினாள். மாலை அசையவில்லை. கண்ணை இறுக மூடப் பார்த்தாள்.

இமை இறங்கவில்லை. எதிரே, ஆளில்லாத வாசல்.