உள்ளேயிருந்து இரண்டு தட்டு

உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலோரக் கொட்டகை ஒன்றில் அந்தப் பழைய பயணிகள் விமானம் நின்றது. இரண்டு காற்றாடி, தகர உடம்பு, உள்ளே நுழைந்தால் கருவாட்டு வாடை. எந்தக் காலத்திலோ கடலில் இறங்கி, கதவு திறக்காமல் உள்ளிருந்தவர்கள் மூழ்கிப்போன விமானம். மறுபடி ஆள் ஏற்ற வேண்டுமென்றால் வாலருகே இரண்டு பக்கமும் உள்ளிருந்து திறக்கும் அவசரக் கதவு கட்டாயம் என்பது சட்டம். துபாயில் விமான மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்த நான் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டது என் மகள் சுஹாவுக்காகத்தான். அவள் அதில் பணிப்பெண்ணாகப் பறக்கப் போகிறாள்.

தகரத்தைச் சட்டத்தோடு சேர்க்கும் ரிவெட் ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே நான் காற்றுச் சுத்தியலால் அடிப்பேன். உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக்கொடுப்பது, மீன்பிடித் தொழிலை விட்டு எனக்கு உதவிக்கு வந்த யேசுதாஸ். அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது. உள்ளிருந்து ஒரு தட்டு வந்தால், இன்னும் அடி. இரண்டு வந்தால், சரியாக உட்கார்ந்துவிட்டது, அடுத்ததற்குப் போ.

அன்று மத்தியானம் வலப்பக்க அவசரக் கதவைப் பொருத்தி, அதன் சட்டம் முழுக்க அடித்து முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு வந்தது. திரும்பினால், யேசுதாஸ் டீத் தூக்குவாளியோடு கொட்டகை வாசலில் நிற்கிறார்.

"பாய், நான் இல்லாம எப்படி அடிச்சீக?"

உள்ளே போய்ப் பார்த்தோம். யாருமில்லை. இரும்புக் கட்டை மட்டும் நனைந்திருந்தது.

"எங்க ஆளுக கடல்ல குரல் கேக்காம வெறும் தட்டுக்குப் பதில் குடுக்க மாட்டாக," என்றார் மெதுவாக. "அடிச்சதைப் பிரிச்சுருவோம் பாய்."

பிரிப்பதற்குள் சுஹா வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"ஈரத்துக்கெல்லாம் பயந்தா எப்படி அத்தா? நாளைக்கு ஒண்ணுன்னா நான்தானே இதைத் திறக்கணும். ஒருவாட்டி பாத்துர்றேன்."

நான் வேண்டாமென்று சொல்லச் சொல்ல விமானத்தில் ஏறிவிட்டாள். அவளுக்குப் பின்னால் வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"அவசரக் கதவுக் கைப்பிடிய இழும்மா."

"இழுக்கிறேன் அத்தா. வரலை."

பிறகு தட்டினாள். இரண்டு கையாலும், கணக்கில்லாமல்.

"அத்தா, தண்ணி வருது."

கொட்டகைத் தரை காய்ந்து கிடந்தது.

வாசல் கதவையும் வலப்பக்க அவசரக் கதவையும் கடப்பாரையால் நெம்பினோம். ஒரு ரிவெட்கூட அசையவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் ரிவெட் அடித்ததேயில்லை.

உள்ளே சத்தம் நின்றது.

அப்புறம் இரண்டு தட்டு.

தகரத்தை அறுத்து நுழைந்தோம். சுஹா கடைசி இருக்கையில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தாள். உடையில் ஈரமில்லை. வாய் நிறையக் கடல்மணல். யா அல்லாஹ், எத்தனை தடவை கூப்பிட்டேன்! என் பிள்ளைக்கு மூச்சேயில்லை.

அவளை வெளியே தூக்கிவந்து மடியில் போட்டு அழுதுகொண்டிருந்தேன். யேசுதாஸ் என் பக்கத்தில்தான் நின்றார்.

இடப்பக்கத்தில், இன்னும் கதவு வைக்காத தகரத்தில், உள்ளிருந்து ஒரு தட்டு கேட்டது.