வண்டியின் அடிவயிற்றில் ஒரு சாட்சி

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் தங்கச்சியை டீமை விட்டுத் தூக்கிடுவாங்க சார். பயந்து ஸ்டியரிங்கை ஒடிச்சிட்டாளாம். சின்ன வயசுலேயே அவளுக்குப் பயம்னா என்னன்னு தெரியாது,” என்றார் மெக்கானிக். நேற்றைய பயிற்சியில் அவள் ஓட்டிய பந்தயக் கார் சுழன்று சுவரில் மூக்கை இடித்துக்கொண்டது.

பந்தய வட்டாரத்தில் ‘காற்றுக்காரர்’ என்று பெயரெடுத்த இன்ஜினியர், கேமராவும் கையுமான மைத்துனருடன் திடலின் ஷெட்டுக்குப் போனார். டீம் முதலாளி கடுகடுவென்று நின்றிருந்தார். மணிக்கட்டில் கட்டுடன் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

“மெதுவான வளைவுல எப்படி இருந்துச்சும்மா?”

“நல்லாத்தான் போச்சு சார். வேகமான வளைவுல மட்டும் பின்பக்கம் லேசாயிடுச்சு.”

வெளியே, காரைக் கொண்டுவந்த லாரியைப் படமெடுத்துவிட்டு மைத்துனர் வந்தார். “கதவுக்குள்ள ரெண்டு ஆணி, ரெண்டும் காலி. வேற ஒண்ணும் உருப்படியா இல்ல அத்தான்.”

காற்றுக்காரர் காரை ஜாக்கியில் தூக்கச் சொல்லி, டார்ச்சுடன் அடியில் படுத்தார். மற்றவர்களும் குனிந்தார்கள். பின்சக்கரங்களுக்கு நடுவே அடித்தட்டு மேல்நோக்கிச் சரிந்து ஏறும் இடம்தான் டிஃப்யூசர். அதில் பழைய கறைகள் சீப்பால் வாரியதுபோல் விளிம்புவரை நேராக ஓடின. அவற்றின்மேல் நேற்றைய செந்தூசி பாதிவரை நேராக வந்து, பிறகு சுழிசுழியாகக் கலைந்திருந்தது. கண்ணுக்கே தெரியாத காற்று, போன வழியை அப்படியே வரைந்துவிட்டுப் போயிருக்கிறது! மைத்துனருக்குப் புல்லரித்தது, படமெடுக்கவே மறந்துவிட்டார்.

“அடியில இருக்கற குறுகல் சந்துல காத்து நெருக்கியடிச்சு வேகமா ஓடுது,” என்றார் காற்றுக்காரர். “இந்தச் சரிவு அது விரிய இடம் குடுக்குது. அதனால முன்னாடி இன்னும் வேகமா இழுபடுது, அழுத்தம் குறையுது, வண்டி தரையோட ஒட்டிக்குது. வேகம் கூடக்கூட பிடியும் கூடும். பின்பக்கம் ரெண்டு விரல் உசந்தாப் போதும், சரிவு அளவுக்கு மீறி ஏறிடும். காத்து பாதியிலேயே தட்டை விட்டுப் பிச்சிக்கும், பிடி போயிடும். மெதுவா போறப்ப அது தெரியவே தெரியாது.”

“பின்பக்கத்தை யார் உசத்தினது?” என்றார் முதலாளி.

“லாரிக் கதவுல அந்தக் காலி ஆணியில என்ன தொங்கும்?” என்று காற்றுக்காரர் மெக்கானிக்கைக் கேட்டார்.

மெக்கானிக் சட்டென்று மண்டியிட்டார். சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினார். ஸ்பிரிங் அடியில் சிவப்பு வளையம் அப்படியே இருந்தது. லாரியின் சாய்பலகையில் ஏற்றி இறக்கும்போது வால் உரசாதிருக்க, பின்பக்கத்தை உயர்த்துவதற்காகச் சக்கரத்துக்கு ஒன்றாக அவரே மாட்டுவது. இறக்கியதும் கழற்றி ஆணியில் தொங்கவிடுவது வழக்கம்.

“நான்தாங்க,” என்றார். “இறக்கின கையோட டீ குடிக்கப் போயிட்டேன். கழட்டவே இல்ல.”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. தங்கை இன்னும் அந்தச் சுழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சீட் உன்னுதுதாம்மா,” என்றார் முதலாளி தணிந்த குரலில். “இவரை என்ன பண்றதுன்னு நீயே சொல்லு.”

“ஆணி ரெண்டையும் என் கண்ணுக்கு நேரா இந்தச் சுவத்துல அடிங்க. வளையம் தொங்கறதைப் பாத்துட்டுத்தான் வண்டியை எடுப்பேன்,” என்றாள் அவள். “கழட்டி அங்க மாட்டறது அண்ணனாத்தான் இருக்கணும்.”