ஐந்து பிடி அரிசி

சுரங்கத்தின் காலைச் சங்கு ஊதி அரைமணி ஆகியும் அந்த வீட்டில் அடுப்பு பற்றவில்லை. செங்கமலம் முறமும் கையுமாக அடுப்பங்கரை வாசலில் நின்றாள். உள்ளே போக வழி விடாமல் நாத்தனார் அமிர்தம் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தவிட்டுப் பானை இருந்தது.

மாடு கட்டாத குவார்ட்டர்ஸில் தவிட்டுப் பானை எதற்கு என்று ஒன்றரை வருஷமாக யாரும் கேட்டதில்லை. அன்றைக்கென்று அமிர்தத்துக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவும் இல்லை, கையை விட்டே துழாவிவிட்டாள். மேலே இரண்டு விரற்கடை தவிடு, அதற்குக் கீழே எல்லாம் அரிசி.

"யம்மா... வந்து பாரு. உன் மருமவ பண்ணிக்கினு இருக்கிற குடித்தனத்த வந்து பாரு."

மாமியார் வீராயி வந்தாள், பார்த்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் செங்கமலத்துக்குப் பயமாக இருந்தது. கிழவி நேராகத் தெருவுக்குப் போய்ப் பாயை விரித்துப் பானையைக் கவிழ்த்தாள். குழாயடியில் குடத்தோடு நின்ற பிளாக் பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"படிய எடுத்தாந்து அள. உன் கையாலயே அள. நாலு பேரு பாக்கட்டும்."

செங்கமலம் அளந்தாள். ஐந்து படி நிரம்பியது. ஆறாவது படி தலை தட்டவில்லை.

மாதம் பிறந்தால் பண்ருட்டியிலிருந்து ஒரு மூட்டை அரிசி வரும். அவள் புருஷன் கொளஞ்சிநாதன் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸ் கிடைத்த நாள்முதல் அதுதான் வழக்கம். அவன் சம்பளத்தில் அதற்கு மேல் ஒரு படி வாங்க இடமில்லை. அவன் தம்பி சின்னதுரையின் கான்ட்ராக்ட் கூலி பீடிக்கும் சினிமாவுக்குமே போதாது. மூட்டையில் ஐம்பத்திரண்டு படி இருக்கும். ஆறு பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு படி. அப்படியானால் இருபத்தாறு நாள். மாதத்துக்கு முப்பது நாள் உண்டு என்பது செங்கமலத்தைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் உறைத்ததில்லை. வேளாவேளைக்குச் சோறு வந்தது, தின்றார்கள், ஏப்பம் விட்டார்கள்.

தினமும் இரண்டு படி அளந்ததும் அதிலிருந்து ஐந்து பிடியைத் திரும்ப எடுத்துத் தவிட்டுக்கு அடியில் போடுவாள். அந்த ஐந்து பிடி அவளுடைய பங்கு. எல்லோரும் தின்று எழுந்த பிறகு வடித்த கஞ்சியில் உப்பைப் போட்டுக் குடிப்பாள், பானையடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பாள். மூட்டை தீர்ந்ததும் இருபத்தேழாம் தேதி தவிட்டை விலக்குவாள்.

ஒளித்து வைப்பானேன் என்று கேட்கலாம். குடிவந்த முதல் மாதம் அவள் ஒளிக்கவில்லை. மிச்சம் பிடித்ததைப் பெருமையாக மாமியாரிடம் காட்டினாள். மறுநாளே வீராயி மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தன் தம்பி குடும்பத்தை வரவழைத்து விருந்து வைத்துவிட்டாள். அந்த மாதக் கடைசியில் செங்கமலத்தின் மகள் பார்வதி இரண்டு நாள் பசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அப்புறம்தான் இந்தத் தவிடு வந்தது.

நைட் ஷிப்ட் முடிந்து கொளஞ்சிநாதன் வந்தபோது பாயும் அரிசியும் தெருவிலேயே இருந்தன.

"போன வாரம் இவ அண்ணங்காரன் முத்தாண்டிக்குப்பத்துலேந்து பையத் தூக்கிக்கினு வந்தானே, எதுக்கு வந்தான்? பலாப்பழம் குடுக்கவா?" என்றாள் அமிர்தம். அந்தப் பலாப்பழத்தில் பாதியைத் தின்றவள் அவள்தான்.

"பொறந்த வூட்டுக்குக் கடத்துறாடா," என்றாள் வீராயி. "நீ குழிக்குள்ள நின்னு சம்பாரிக்கிற... இவ அங்க படியளக்குறா."

"இல்லீங்க... கடைசி நாலு நாளைக்குன்னு எடுத்து வெச்சதுங்க. மூட்டை மாசத்துக்கும் வராதுங்க. நீங்களே கணக்குப் போட்டுப்..."

முடிக்கவில்லை. கொளஞ்சிநாதனின் அறை விழுந்தது. குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, எடுப்பாரில்லை.

"ஒன்றர வருசமா வந்த மூட்டை இப்ப வராதா? யாருகிட்ட கத வுடற? இனிமே நீ அரிசியத் தொடாதே. அமிர்தம் அளப்பா. அவ போடறதத் தின்னுட்டுக் கெட."

அடித்ததுகூடச் செங்கமலத்துக்குப் பெரிதாக வலிக்கவில்லை. ஒரு நிமிஷம் நின்று கேட்கக்கூட இந்த மனிதருக்குத் தோன்றவில்லையே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

திருட்டு அரிசி வீட்டில் இருந்தால் விளங்காது என்று வீராயி அதை மூட்டை கட்டி, அன்று சாயங்காலமே மேல்பட்டாம்பாக்கத்துத் தம்பிக்குக் கொடுத்தனுப்பினாள். மருமகள் பிறந்த வீட்டுக்குக் கடத்துவாள் என்று பழி சுமந்த அரிசி, மாமியாரின் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்க அங்கே நாதியில்லை.

அமிர்தம் அடுப்பங்கரைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அன்று மத்தியானம் எல்லோரும் பார்க்கச் செங்கமலத்தின் தட்டில் சோற்றை மலையாகக் குவித்தாள்.

"தின்னுங்க அண்ணி. இந்த வூட்ல பட்டினி போட்டாங்கன்னு பேரு வரக்கூடாது பாருங்க."

செங்கமலம் பிசைந்து தின்றாள். பாதி மலைதான் கரைந்தது. ஒன்றரை வருஷமாகக் கஞ்சித்தண்ணீரில் சுருங்கிப்போன வயிறு அதற்கு மேல் வாங்க மறுத்தது. பாதித் தட்டோடு எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் குமட்டினாள்.

"திருட்டுத்தனமா ஆக்கித் தின்னு பழகின வாயி. நம்ம சோறு எறங்குமா?" என்றாள் அமிர்தம். சின்னதுரை சிரித்தான். கொளஞ்சிநாதன் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. மூட்டை தீரும்வரை ஏழு நாளும் இதே கதைதான். ஏழு நாளும் பாதித் தட்டு.

இருபத்தேழாம் தேதி காலையில் அமிர்தம் கோணியை உதறினாள். நாலு குறுநொய் விழுந்தது.

"பாத்தியாடா, மறுபடியும் கைய வெச்சிட்டா பாவி," என்று வீராயி தலையில் அடித்துக்கொண்டாள். "முப்பது நாளும் வர்ற மூட்டைடா இது."

கொளஞ்சிநாதன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சட்டையில் ஒரு கை நுழைந்திருந்தது.

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டதாண்ணே," என்றாள் அமிர்தம்.

"ராத்திரி?"

"தலமாட்டுல வெச்சிக்கினுதான் படுத்தேன்."

"ஒரு நாளைக்கு எத்தினி படி போட்ட?"

"ரெண்டு. அண்ணி அளக்குற மாதிரியேதான்."

சுரங்கத்தில் அவனுக்கு மண் வண்டி எண்ணுகிற வேலை. மேலே ஏறுகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. ஷிப்ட் முழுக்க ஒரு வண்டி தப்ப விடமாட்டான். அப்படிப்பட்டவன் தன் வீட்டு அரிசியை ஒருநாளும் எண்ணியதில்லை. அன்று கரித்துண்டை எடுத்துச் சுவரில் கோடு கிழித்தான். நாளுக்கு ஒரு கோடு, கோட்டுக்கு இரண்டு படி. இருபத்தாறாவது கோட்டில் ஐம்பத்திரண்டு தீர்ந்தது. கரி நின்றது.

"யம்மா... பாக்கி நாலு நாளு. மாசா மாசம் அந்த நாலு நாளும் நாம என்னாத்தத் தின்னோம்?"

வீராயியின் பார்வை தவிட்டுப் பானை இருந்த மூலைக்குப் போய்த் திரும்பியது.

கொளஞ்சிநாதன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். அவள் மணிக்கட்டு வளையல் முழங்கைவரை ஏறி இறங்குவதை அவன் அன்றுதான் பார்த்தான். ஏழு நாளாக மிச்சமான பாதித் தட்டும் நினைவுக்கு வந்தது. எதற்காக மிச்சமானது என்பதும் புரிந்தது.

"நீ என்னாத்தடி தின்ன, செங்கமலம்?"

வாசலில் நின்ற பார்வதிதான் சொன்னாள். "அம்மா கஞ்சித்தண்ணிதாம்ப்பா குடிக்கும். சோறு புடிக்காதாம்."

சட்டையில் ஒரு கை நுழைந்தபடியே அவன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். செங்கமலம் தேற்றவில்லை. தேற்ற வேண்டும் என்று மனசு துடித்தது. கன்னமும் கூடவே துடித்தது.

மிச்ச நாலு நாளும் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றார்கள்.

ஒன்றாம் தேதி புது மூட்டை வந்தது. அமிர்தம் இடுப்புச் சாவியை எடுத்துத் தரையில் வைத்தாள். வீராயி படியை மருமகளிடம் நீட்டினாள்.

"நீயே அளம்மா. தெரியாத்தனமா... கெழட்டுப் புத்தி..."

செங்கமலம் வாங்கினாள். இரண்டு படி தலை தட்டி முறத்தில் கொட்டினாள். எல்லோரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கை அரிசிக்குள் போகவில்லை.

"அத்தை, இந்த மாசமும் மூட்டை இருபத்தாறு நாளுக்குத்தான் வரும். வூட்ல ஆறு பேரு இருக்கோம். இன்னிக்கு யாரு பங்க எடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். அதனால்தான் யாராலும் தாங்க முடியவில்லை. அமிர்தம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சின்னதுரை பீடிக்கட்டைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

கொளஞ்சிநாதன் எழுவதற்குள் வீராயி முறத்தருகே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பிடி, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. எண்ணித்தான் எடுத்தாள்.

"இன்னிக்கு என்னுது. நாளைக்கு அமிர்தத்தோடது. அப்பறம் இவனுங்க ரெண்டு பேரோடது. புள்ளையோடதத் தொடக்கூடாது. உன்னோடத... நான் கண்ண மூடறவரைக்கும் தொடக்கூடாது."

சொல்லிவிட்டு மருமகளின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு கிழவி குலுங்கிக் குலுங்கி அழுதாள். செங்கமலத்தின் கை அந்த நரைத்த தலைக்கு மேல் கொஞ்ச நேரம் தயங்கி நின்று, அப்புறம் இறங்கியது.

அன்று மத்தியானம் அவள் எல்லோரோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கொளஞ்சிநாதனே எடுத்துப் போட்டான். மற்ற ஐந்து பேரும் அவள் தட்டையே பார்த்துக்கொண்டு தின்றார்கள்.

பாதிக்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை.