முப்பத்தொன்றாம் எண்

கணக்கு டீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு மழை நாளில். கிளம்புகிற நாளிலும் மழை. நடுவில் ஒரு வருஷம் போயிருக்கிறது என்று சொன்னால் அந்தக் கட்டடமே நம்பாது. அதே ஈரச் சுவர், அதே நீளமான தாழ்வாரம், அதன் கோடியில் அதே மூன்றாம் வகுப்பு.

பெட்டியை வகுப்பு வாசலில் சாய்த்து வைத்திருந்தாள். ஐந்து மணிக்குக் கார் வரும், எட்டரைக்கு விமானம். ஊரில் அவளுடைய ஐந்து வயது மகள், எல்லோருக்கும் வாண்டு, காலண்டரில் ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டே வந்து இன்றைக்குக் கடைசிக் கட்டத்தில் நின்றாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும் என்று சொல்லித்தான் கணவர் அனுப்பிவைத்தார். கண்ணை மூடினால்தானே திறப்பதற்கு? பிள்ளை நினைப்பில் பல ராத்திரி அவள் தூங்கவே இல்லை.

பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். காலி வகுப்பில் உட்கார்ந்து, முதல் நாளை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அன்றைக்கு வருகைப் பதிவேட்டைத் திறந்ததுமே வியர்த்துவிட்டது. முப்பது பெயர்கள், ஒன்றுகூட அவள் நாக்குக்கு வசப்படவில்லை. மூன்றாவது பெயரிலேயே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பதினைந்து வருஷம் பாடம் நடத்தியவளுக்கு மானம் போயிற்று. கணக்கு டீச்சர் அல்லவா, சட்டென்று எண்களில் இறங்கிவிட்டாள். ஒன்று, இரண்டு என்று அவள் கூப்பிட, ஒவ்வொரு குரலாக ‘பிரசன்ட் மிஸ்’ என்றது. தலையை நிமிர்த்தாமல் குறித்துக்கொண்டே போவது அவளுடைய பழைய பழக்கம். ஊரில் அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தால் முதல் பீரியடே முடிந்துவிடும்.

முப்பத்தொன்றாம் வரிசையில் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. பழக்கதோஷத்தில் அந்த எண்ணையும் கூப்பிட்டாள்.

“பிரசன்ட் மிஸ்.”

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது, சளி பிடித்த குரல். டீச்சர் குறித்துக்கொண்டாள்.

அப்புறம் வருஷம் முழுக்க அந்தக் குரல் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஒரு பிள்ளை கூடுதலாக இருந்தது தெரியாமலா போகும் என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருந்தால்தானே தலையை எண்ண? பரீட்சைத் தாள்களில் ஒன்று மட்டும் எப்போதும் வெறுமையாக, ஓரம் நனைந்து வரும். சோம்பேறிக் கழுதை, கடைசி நாள் இதன் வீட்டார் வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று அதை ஒதுக்கி வைப்பாள்.

அந்தப் பள்ளியில் கண்டிப்பான ஒரு வழக்கம் இருந்தது. காலையில் யார் பிரசன்ட் போடுகிறாரோ, அவரேதான் மாலையில் பிள்ளையை வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். கூட்டிப்போகிறவர் பெயர், என்ன உறவு, கையெழுத்து, மூன்றும் தாளில் இருக்க வேண்டும். விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்கு மட்டும் டீச்சரே ‘விடுதி’ என்று எழுதிவிடலாம். முப்பத்தொன்றைக் கூப்பிட யாரும் வராததால் அது விடுதிப் பிள்ளை என்று அவளாகவே முடிவு கட்டி, தினமும் அப்படியே எழுதி வந்தாள். இன்றும் எழுதினாள். வருஷக் கடைசி நாளில் மட்டும் இரண்டையும் வாசலில் ஒத்துப் பார்ப்பார்கள் என்பதால், பதிவேட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வாசல்காரம்மா அவள் வயதுக்காரி. வருஷம் முழுக்க இருவரும் ஒரே பிளாஸ்க்கில் டீ குடித்தவர்கள். அழுதுவிடக் கூடாது என்று இருவருமே முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார்கள். வாசல்காரம்மா காலைக் கணக்கையும் மாலைக் கணக்கையும் விரல் வைத்துப் பார்த்தாள்.

“ஒண்ணு இடிக்குதே டீச்சர். காலையில முப்பத்தொண்ணு. போனது முப்பதுதான்.”

“ஒண்ணு விடுதிப் பிள்ளைம்மா. எழுதியிருக்கேனே.”

“விடுதியில அஞ்சாம் கிளாஸுக்கு மேலதான் சேர்ப்பாங்க. அதையும் மத்தியானமே பூட்டியாச்சு.”

சொன்னவள் பதிவேட்டின் கடைசி வரிசையைப் பார்த்தாள். பக்கங்களைத் திருப்பினாள். ஒவ்வொரு மாதத்திலும் அந்த வரிசை முழுக்க டீச்சரின் நீல மையில் பிரசன்ட். மெதுவாகப் பதிவேட்டை மூடினாள்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு டீச்சர், இவளைப் போலவே ஒரு வருஷத்துக்கு வந்தவள். கடைசி நாள், மழை, ஊருக்குப் போகிற அவசரம். மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்றின் அம்மா வரத் தாமதமானது. அம்மா இதோ வந்துடுவாங்க, பெஞ்சை விட்டு அசையாதே என்று சொல்லிவிட்டு அந்த டீச்சர் போய்விட்டாள். அம்மாவோ வருகிற வழியிலேயே லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தாள். தாயும் மகளுமாக இருந்த வீடு, தேட ஆளில்லை. வகுப்பைப் பூட்டியவன் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. லீவு முடிந்துதான் திறந்தார்கள். அந்தப் பிள்ளை, டீச்சர் சொன்ன பேச்சைக் கேட்டு, பெஞ்சிலேயே இருந்தது. அதிலிருந்துதான் இந்தக் கையெழுத்து வழக்கம். அதனுடைய முப்பத்தொன்றாம் எண்ணில் வேறு பிள்ளையை எழுதிவிடக் கூடாதென்று வருஷா வருஷம் தாள் ஒட்டுகிறார்கள்.

“இங்க யாரும் நம்பர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க டீச்சர். நீங்க கூப்பிட்டிருக்கீங்க. வந்திருக்கு.”

வாண்டு காத்திருக்கிறாள், நான் போயாக வேண்டும் என்று மட்டும் டீச்சர் சொன்னாள்.

“கேட்டைத் திறந்தே வைக்கிறேன். போக முடிஞ்சா போங்க.”

பெட்டியை எடுக்கத் தாழ்வாரத்தில் திரும்ப நடந்தாள். எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து வந்தாள். ஆறு வகுப்புகள் தாண்டினால் வாசல். சக்கரம் கடகடவென்று உருண்டது. ஆறாவது கதவைத் தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்றாம் வகுப்பு.

அவசரத்தில் திசை மாறிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி நடந்தாள். இந்தத் தடவை கதவுகளை எண்ணிக்கொண்டே போனாள். ஒன்று, இரண்டு, மூன்று. தாழ்வாரத்தின் முனையில் திறந்த கேட்டும் வாசல்காரம்மாவின் குடையும் தெரிந்தன. நான்கு. ஐந்து.

ஆறு.

மூன்றாம் வகுப்பு.

மூன்றாவது தடவை ஓடினாள். பின்னால் ஈரச் செருப்பு சப் சப்பென்று ஓடி வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. நனைந்து மக்கிய மழைக்கோட்டின் வாடை மூக்கில் ஏறியது. போன் அடித்தது. கார் வந்துவிட்டதா என்று கணவர் கேட்டார், விமான நிலையத்துக்கு வந்தே தீருவேன் என்று வாண்டு இப்போதே கவுனை மாட்டிக்கொண்டு நிற்கிறாளாம். கிளம்பிட்டேன் என்று சொல்லும்போது டீச்சர் மூன்றாம் வகுப்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசி பெஞ்சுக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் யாரும் இல்லை.

“மிஸ்... அம்மா வரலையா?”

தன் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கு அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. தாளை மேஜையில் விரித்தாள். ‘விடுதி’ என்பதை அடித்துவிட்டு, கூட்டிப்போகிறவர் இடத்தில் தன் பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் ‘டீச்சர்’ என்று எழுதினாள். மை தண்ணீர் பட்டதுபோல் பரவி, கரைந்து, காணாமல் போனது. மறுபடி எழுதினாள். மறுபடி கரைந்தது.

எந்தச் சொல் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

வெளியே கார் ஹாரன் அடித்தது. விமானத்தைப் பிடித்தால் போதும் என்ற ஒரே நினைப்பில் அதை எழுதினாள். ‘அம்மா.’ மை உடனே காய்ந்தது.

இந்தத் தடவை ஆறு கதவுகளுக்கு அப்புறம் வாசல் வந்தது. வாசல்காரம்மா தாளை வாங்கிப் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள். டீச்சர் வெளியே வந்த பிறகும் கேட்டைச் சாத்தாமல், இன்னொரு ஆள் கடக்கிற நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர் வந்து சேர்ந்த பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வாடை இல்லை, சத்தம் இல்லை. வாண்டு மூன்று நாள் அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. தனியாக ஒரு வருஷம் இருந்தால் மூளை அப்படித்தான் விளையாடும் என்று டீச்சர் தன்னையே நம்பவைத்துக்கொண்டாள். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

கோடை விடுமுறை முடிந்தது. வாண்டு ஒன்றாம் வகுப்புக்குப் போன முதல் நாள், மாலை அழைத்துவர இவளே போனாள். நல்ல வெயில், தரை சுட்டது. பள்ளி வாசலில் ஆயா கையெழுத்து நோட்டை நீட்டினார். வாண்டுவின் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இன்னொண்ணும் போடணும்மா.”

“எனக்கு ஒரே பொண்ணுதாங்க.”

ஆயா நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுத்த வரிசையில் விரலை வைத்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. எண் முப்பத்தொன்று. உறவு என்ற இடத்தில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது, அவளுடைய கையெழுத்தில், அவளுடைய நீல மையில்.

“நீங்களே எழுதிட்டு இல்லைன்னா எப்படிம்மா? ஒண்ண மட்டும் அனுப்ப முடியாது. ரெண்டும் ஒண்ணாத்தான் உக்காந்திருக்கு.”

உள்ளேயிருந்து வாண்டு நடந்து வந்தாள். எப்போதும் ஓடி வந்து மேலே விழுகிறவள், பக்கத்தில் இருப்பவரின் நடைக்கு ஏற்றாற்போல் மெதுவாக வந்தாள்.

“அம்மா, அக்கா ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருந்தாளாம். இனிமே நீ லேட்டா வரக் கூடாதாம்.”

டீச்சர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மகள் இடது கையை நீட்டினாள். அவளுடைய வலது கை முழங்கை வரை நனைந்து, விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.