மஜ்முவா பூசிய மணிக்கட்டு

“அய்யோ... யாராச்சும் ஓடி வாங்களேன்!”

ஜெயப்பிரியாவின் அலறல் வீட்டைத் தூக்கியது.

அவளுடைய அப்பா குருநாதன் அதே அறையில்தான் இருந்தார். கட்டிலில், சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார்.

திரும்பிப் பார்க்க முடியவில்லை!

பக்கவாதம் அடித்ததில் கை போயிற்று, கால் போயிற்று, நாக்கும் போயிற்று. கழுத்துகூடத் திரும்பாது. மிச்சம் இருந்தவை கண்ணும் காதும் மூக்கும்தான். உத்தரகோசமங்கைப் பக்கம் அவருக்கு இருந்த நிலத்தைச் சுற்றி வரவே அரை நாள் ஆகும். ஆனால் மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்ட இன்னொருவர் கை வேண்டும்!

அவர் முதுகுக்குப் பின்னால், தரையில் கிடந்தது பிணம்.

மருமகன் மாரீஸ்வரன்!

பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் சலைன் மாட்டும் இரும்பு ஸ்டாண்ட், ரத்தத்தோடு உருண்டு கிடந்தது.

“என்னங்க... கண்ணத் தொறங்க! எந்தப் படுபாவி என் தாலிய அறுத்தான்?”

குருநாதனுக்குத் தெரியும்.

யார் என்று தெரியும். ஏன் என்றும் தெரியும்.

சொல்லத்தான் வழியில்லை!

சற்று முன்னால் நடந்தது இதுதான்.

திடீரென்று ஒரு தலையணை அவர் முகத்தில் அமுங்கியது. மூச்சு முட்டியது. அழுத்திய கையில் அத்தர் வாசம், காரமாக... மாரீஸ்வரன்! நெஞ்சு வெடிக்கப் போகிற நேரத்தில், பின்னால் ‘ணங்’ என்று ஒரு சத்தம். ஆள் விழுகிற சத்தம். தலையணை விலகியது. அப்புறம் ஒரு கை வந்து, அவருக்கு மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே நின்றது.

அந்த மணிக்கட்டிலும் அத்தர் வாசம். ஆனால் இது வேறு வாசம்.

அது நிமலனின் மணிக்கட்டு!

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்து, அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கிறவன் நிமலன். பெற்ற பிள்ளை செய்யாததை எல்லாம் செய்கிறவன். அடித்தவன் பயந்துபோய், வாயே திறக்காமல் பின்கட்டு வழியாக ஓடிவிட்டான். அலறல் கேட்டதும் மற்றவர்களோடு சேர்ந்து ஓடி வந்து நின்றான்.

இரண்டும் ஒரே குப்பி அத்தர்தான். பிறகு எப்படி வேறு வாசம் என்கிறீர்களா?

அன்று காலை, கீழக்கரையிலிருந்து அத்தர் வியாபாரி ஹமீது சுல்தான் பெட்டியோடு வந்திருந்தார். “அய்யா ரூம்ல மருந்து நாத்தம் தாங்கல பாய்” என்று ஜெயப்பிரியாதான் போன் போட்டிருந்தாள். பாய் மஜ்முவா என்கிற அத்தர்க் குப்பியைத் திறந்து, கண்ணாடிக் குச்சியால் ஆளுக்கொரு சொட்டு மணிக்கட்டில் வைத்தார். வீட்டில் அத்தருக்குத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி எப்போதும் குருநாதன்தான். எல்லாரும் வரிசையாக வந்து அவர் மூக்கருகே கையை நீட்டினார்கள்.

“குப்பியில ஒரு வாசம்... தோல்ல ஏறினா ஆளுக்கொரு வாசம்! இல்லீங்களாண்ணே?” என்று பாய் சிரித்தார்.

மகள் கையில் அது பாயசம் போல இனித்தது. அக்கா மகன் முனீஸ்வரன் கையில் பீடியோடு சேர்ந்து புளித்தது. மாரீஸ்வரன் கையில் காரம் மட்டும் நின்றது. நிமலன் கையில்... கண்மாய்க்குள் முதல் மழை விழுந்த மண் வாசம்! குருநாதன் கண்ணை மூடி, அந்தக் கையை விடவே மனமில்லாமல் கிடந்தார். அன்றைக்கு அவருக்கு வாய்த்த ஒரே சந்தோஷம் அது.

இன்ஸ்பெக்டர் அருள்முருகன் வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“வாசல்ல மொளகா காயப்போட்டு அத்தன பேரு இருந்திருக்காங்க. பாயும் அங்கனதான் ஒக்காந்திருக்காரு. வெளியாளு எவனும் உள்ள வரல. அப்ப வீட்டாளுதான்! ஏலே முனீசு... நேத்து வரப்புத் தகராறுல, ‘மண்டையப் பொளந்துருவேன்’னு மாரீஸ்வரன்கிட்டச் சொன்னியாமே?”

“கோவத்துல சொல்றதுதான் சார்! சொன்னவன் எல்லாம் செஞ்சா இந்த ஊர்ல ஒரு மண்ட மிஞ்சுமா?”

“வாயி நீளுது! ஏட்டு, இவன ஜீப்புல ஏத்து.”

“சார்... எம் பிள்ளைக மேல சத்தியமா நான் இல்ல சார்!”

குருநாதன் துடித்தார். அதாவது, உள்ளுக்குள். வெளியே ஒரு மயிர்கூட அசையவில்லை.

அவன் இல்லை! அவனை விடுங்கள்!

“பெரியவருக்கு நெனப்பு இருக்கா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எல்லாம் வெளங்கும் சார். கண்ண ஒரு தடவ இறுக மூடுனா ஆமா. ரெண்டு தடவன்னா இல்ல. டாக்டர் பழக்கிவிட்டது” என்றாள் ஜெயப்பிரியா, மூக்கை உறிஞ்சியபடி.

“இந்தப் பக்கம் திருப்புங்க.”

நிமலன்தான் திருப்பினான். குருநாதன் அவன் முகத்தைப் பார்த்தார். சாம்பல் பூத்திருந்தது.

“பெரியவரே, நடந்ததப் பாத்தீங்களா?”

இரண்டு தடவை மூடினார். இல்லை.

“முனீசு அடிச்சானா?”

இல்லை!

“பாக்கல, ஆனா முனீசு இல்லங்கிறீங்க... அது எப்புடி? குரலு கேட்டுச்சா?”

இல்லை.

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சொறிந்தார். வாசலில் நின்ற ஹமீது சுல்தான் தயங்கித் தயங்கி வாய் திறந்தார்.

“சார்... அண்ணனுக்கு மூக்கு பயங்கரம். காலைல எல்லாரும் அத்தர் போட்டிருந்தாங்க. வாசம் புடிச்சிருப்பாரோ?”

“அப்புடியா பெரியவரே? வாசனையில ஆள் தெரிஞ்சிச்சா?”

குருநாதன் கண்ணை மூடினார். ஆமாம்!

அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்று நம்பினார். ‘மாரீஸ்வரன் உங்களைக் கொல்ல வந்தானா?’ கேளுய்யா! அந்த ஒரு கேள்வியைக் கேட்டுத் தொலை! முனீசும் தப்புவான், நிமலனும் தப்புவான்!

இன்ஸ்பெக்டர் அதைக் கேட்கவில்லை.

“அடிச்சக்க! பாய்... அந்தக் குப்பிய எடுங்க. எல்லாருக்கும் மறுபடி தடவுங்க. வரிசையா வந்து பெரியவர் மூக்குல காட்டட்டும்!”



வாயை வைத்துக் கெட்டவர்கள் உண்டு. வாயே இல்லாமல் கெட்டவர் இவர் ஒருவர்தான்!

முனீஸ்வரனை ஜீப்பிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். பாய் மூன்று பேருக்கும் மஜ்முவா தடவினார். தோலில் ஏறட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

முதலில் முனீஸ்வரன் கையை நீட்டினான்.

“மாமா... நல்லா மோந்து பாருங்க மாமா! என் உசுரு ஒங்க மூக்குலதான் இருக்கு!”

குருநாதன் ஆழமாக இழுத்தார். பீடியும் புளிப்பும்.

“இவனா?”

இல்லை.

“அப்பாடி... உத்தரகோசமங்க தாயே!” முனீஸ்வரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அடுத்து மக. நீங்களும் வாங்கம்மா.”

ஜெயப்பிரியா வந்தாள். பாயச இனிப்பு. நெஞ்சு நிறைய இழுத்தார். பாவம், குழந்தை! புருஷன் எதற்கு வந்தான் என்று தெரிந்தால் இவள் தாங்குவாளா?

“இவங்களா?”

இல்லை.

“நிமலா... நீ வா.”

நிமலன் வந்தான். மணிக்கட்டு குருநாதனின் மூக்கருகே நின்றது. காலையில் அவருக்குச் சோறூட்டிய கை. சற்று முன் அவருக்கு உயிரைத் திருப்பித் தந்த கை.

அந்த வாசம் உள்ளே போனால் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும் என்று பயந்தார். காட்டிக்கொடுத்துவிடக் கூடாது... கூடவே கூடாது!

“இவனா?”

இரண்டு தடவை மூடினார். இல்லை!

இன்ஸ்பெக்டர் குருநாதனின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரியவரே... முனீசு கைய நீட்டினப்ப ஒங்க நெஞ்சு ஏறி எறங்கிச்சு. மக கைக்கும் ஏறி எறங்கிச்சு. இவன் கை வந்ததும்... மூச்ச அடக்கிட்டீங்களே! மோந்தே பாக்காம, இல்லன்னு எப்புடிச் சொன்னீங்க?”

குருநாதனுக்கு உலகமே இருண்டது.

பெரிய தந்திரம் என்று நினைத்து அவர் செய்த ஒரே காரியம், நிமலனின் கழுத்தில் கயிறாக விழுந்தது!

“ஏன்டா அடிச்ச?”

நிமலன் ஜெயப்பிரியாவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

“நான்தான் சேர் அடிச்சனான். வேற ஒண்டும் கேக்காதயுங்கோ.”

பளார்! ஜெயப்பிரியாவின் கை அவன் கன்னத்தில் இறங்கியது.

“முகாம்ல கெடந்தவனக் கூட்டியாந்து வீட்டுக்குள்ள விட்டேனே... என் குடியையே கெடுத்துட்டியே பாவி! சார், இவன விடாதீங்க! தூக்குல போடுங்க!”

விலங்கு மாட்டினார்கள். நிமலன் போகும்போது கட்டில் பக்கம் குனிந்தான்.

“ஐயா... பின்னேரம் மருந்து இருக்கு. ஆரிட்டயாவது கேட்டுக் குடியுங்கோ.”

யாரிடம் கேட்பது? எந்த வாயால் கேட்பது? குருநாதனின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்க அந்தக் கையும் போய்விட்டது.

பிணத்தை எடுத்துப் போனார்கள். ஜீப் உறுமியது. முனீஸ்வரனும் பாயும் மற்றவர்களும் அதன் பின்னாலேயே வாசலுக்குப் போனார்கள்.

ஜெயப்பிரியா போகவில்லை.

கதவைச் சாத்தினாள். அப்பாவின் கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“அய்யா... ஒன்னு கேக்கேன். மறைக்காமச் சொல்லுங்க. அவரு... ஒங்களக் கொல்ல வந்தாரா?”

குருநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்தக் கேள்வி! கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள்! ஆனால் கேட்டது இவளாகவா இருக்க வேண்டும்? ஆமாம் என்றால் மகள் மனசு நொறுங்கும். இல்லை என்றால் நிமலன் தொங்குவான்.

மன்னிச்சிரு தாயீ...

கண்ணை இறுக மூடினார். ஆமாம்.

திறந்தபோது ஜெயப்பிரியா அழவில்லை.

“நெனச்சேன்! அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. அந்த நிமலனும் ஸ்டேஷன்ல எப்பவாச்சும் உளறுவான். இன்ஸ்பெக்டரு வந்து ஒங்களக் கேப்பாரு. நீங்க இப்புடிக் கண்ண மூடுவீங்க. அப்புறம் யாரு அனுப்புனான்னு தோண்டுவாங்க...”

குருநாதன் அவளை வெறித்தார்.

“நான்தான்யா அனுப்புனேன்! பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? சோலார் கம்பெனிக்காரன் நெலத்துக்கு எத்தன நாளு காத்துக் கெடப்பான்? சம்மதமான்னு கேக்குறப்பல்லாம் கண்ண ரெண்டு தடவ மூடுறீங்க. எங்க வயசு இந்தப் பொட்டக் காட்டுலயே கருகணுமா? பாய எதுக்கு வரச் சொன்னேன்னு நெனச்சீங்க? ரூமுக்கா? சாவு வீட்டுல ஒங்க மேல தெளிக்க! பாவம், நீங்களே பாத்து எடுத்ததாத்தான் இருக்கட்டுமேன்னு...”

தலையணையை உருவினாள்.

கத்த வேண்டும். முடியவில்லை. தள்ள வேண்டும். முடியவில்லை. தூக்கிச் சுமந்த பிள்ளை, பாயசம் மணக்கும் கையோடு குனிந்தாள். துணி முகத்தைத் தொட்டது. நிமலன் கொடுத்த மூச்சு கடைசியாக ஒரு தடவை உள்ளே போனது. மேலே இருட்டு அமுங்கியது. குருநாதன் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

“அத எடும்மா!”

கதவு படாரென்று திறந்திருந்தது. இன்ஸ்பெக்டர்! பக்கத்தில் நிமலன். கையில் விலங்கு இல்லை.

ஜெயப்பிரியா தலையணையோடு சிலையாக நின்றாள். குருநாதன் காற்றை வாரி வாரி இழுத்தார்.

“ஜீப்பு தெருவத் தாண்டல, எனக்கு உறைச்சிச்சும்மா. மருமகனக் கொன்னவனுக்காக ஒரு மாமனாரு எதுக்கு மூச்சடக்கணும்? இவர அவன் காப்பாத்தியிருந்தாத்தானே! ரெண்டு அதட்டு அதட்டுனேன், அம்புட்டையும் கொட்டிட்டான். ஜெயப்பிரியா அக்கா மனசு ஒடைஞ்சிரும்னு வாய மூடிக்கிட்டு இருந்தானாம். நல்ல அக்காதான்! மீதியக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு நாங்களே கேட்டோம்.”

“சார்... தப்பா நெனைக்காதீங்க... அய்யாவுக்குத் தலகாணி சரியில்லன்னு...”

இன்ஸ்பெக்டர் அவளைக் கவனிக்கவில்லை. கட்டிலருகே குனிந்தார்.

“பெரியவரே, மொதல்லயே கேட்டிருக்கணும். என் தப்புதான். ஒங்க மருமகன் ஒங்களக் கொல்ல வந்தான்... இந்தப் பய ஒங்களக் காப்பாத்தத்தான் அவன அடிச்சான். ஆமாவா?”

குருநாதன் கண்ணை மூடினார். ஒரே ஒரு தடவை. வெகுநேரம் திறக்கவில்லை. நிமலன் வந்து அவர் கண்ணோரத்தை விரலால் துடைத்தான். எந்தப் பிள்ளைக்காக அழுகிறோம் என்று குருநாதனுக்கே தெரியவில்லை.

“சேர்... எனக்குக் கேஸ் வருமோ?”

“வரும்டா, கோர்ட்டுக்கு வரத்தான் வேணும். ஆனா ஒனக்கு முதல் சாட்சி இந்தா படுத்திருக்காரு. ஜட்ஜய்யா கேள்வியச் சரியாக் கேட்டாப் போதும்!”

ஜெயப்பிரியா தொப்பென்று நாற்காலியில் சரிந்தாள்.

“சார்... என்னை என்ன செய்யப் போறீங்க?”

அருள்முருகன் அவள் கையிலிருந்த தலையணையை மெதுவாக வாங்கி ஏட்டிடம் கொடுத்தார்.

“லாக்கப்புல படுக்கப் பாய் தருவோம்மா... தலகாணி மட்டும் கேட்டுறாதீங்க, கூடப் படுக்குறவங்க பயப்படுவாங்க!”