நேர்நிற்பு இல்லாத பதவி

காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு பியூலா கணிப்பானைத் திறந்தாள். தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் எட்டு உப்பளங்களின் அன்றைய ஈரவெப்ப எண்கள் திரையில் வந்தன. வெயிலும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து மனித உடம்பை என்ன செய்யும் என்பதைச் சொல்லும் எண் அது. முப்பத்தொன்றைத் தொட்டால் வெளிவேலை கிடையாது. ஏழு அளங்களில் முப்பதுக்குக் கீழே இருந்தது. மேல அளத்தில் மட்டும் 30.4. கணிப்பான் அதற்கும் 'திறக்கலாம்' என்று எழுதியிருந்தது.

கணிப்பான் என்ன சொன்னாலும் ஒரு மனிதர் கையெழுத்துப் போடாமல் அளத்தின் கதவு திறக்காது. அதற்கு வெயில் ஒப்பம் என்று பெயர். உப்புக்காற்றில் இயந்திரங்கள் ஒரு வருடம்கூடத் தாங்காததால் உப்பு வார இன்னும் மனிதர்கள்தான் இறங்க வேண்டியிருந்தது. மேல அளத்தை மூன்று நாட்களாக பியூலா திறக்கவில்லை. முந்தின நாள் மாலை அங்கிருந்து இருபது பேர் அலுவலகத்துக்கு வந்து நின்றிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. நாளைக்காவது விடுவீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

எட்டுக்கும் ஒப்பம் போட்டாள்.

பதினொன்றரை மணிக்கு மேல அளத்திலிருந்து அழைப்பு வந்தது. தங்கப்பழம் என்பவர், நாற்பத்தாறு வயது, வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது.

வெயில் ஒப்பச் சட்டத்தின் இரண்டாம் பகுதி அப்போதுதான் நடைமுறைக்கு வரும். அனுமதித்த நாளில் ஒருவர் வெயிலால் இறந்தால், ஒப்பம் போட்டவர் மூன்று நாட்களுக்குள் அந்த வீட்டுக்கு நேரில் போக வேண்டும். அன்றைய எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். தண்டனை எதுவும் இல்லை. போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தில் அதற்கு நேர்நிற்பு என்று பெயர்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு பியூலா போனாள். தங்கப்பழத்தின் மனைவி முத்துக்கனி நாற்காலியை எடுத்துப் போட்டாள். பியூலா உட்காரவில்லை.

"எத்தன இருந்துச்சு?" என்று முத்துக்கனி கேட்டாள்.

"முப்பது புள்ளி நாலு."

"முப்பத்தொண்ணு வரைக்கும் போலாம்லா?"

"போலாம்."

"அப்ப ஏன் மூணு நாளா விடல?"

"அந்த மூணு நாளும் முப்பத்தொண்ணத் தாண்டியிருந்துச்சு. உடம்பு தேற இன்னும் ஒரு நாள் விட்டிருக்கணும்."

"எங்க வீட்டாளும் ஆபீசுக்கு வந்து கேட்டாங்கள்லா. அதுக்காகத்தான் போட்டீங்களா?"

பியூலா அன்று வந்து நின்ற முகங்களை நினைத்துப் பார்த்தாள். அந்த மனிதரின் முகம் இருபது பேரில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. "அதுவும் மனசுல இருந்துச்சு" என்றாள்.

முத்துக்கனி தலையை ஆட்டினாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. பியூலா ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தாள். ஏழு வருடத்தில் அது அவளுக்கு ஆறாவது வீடு. கடற்கரை முழுக்க எடுத்துக்கொண்டால் அதுதான் மிகக் குறைந்த எண்ணிக்கை என்று துறையில் சொல்வார்கள்.

அந்த நல்ல பெயர் மலைமேல் வரை போயிருந்தது. நாற்பது வெளிவேலை வட்டாரங்களுக்கு ஒப்பம் போடும் ஒரு தனியார் நிறுவனம் கொடைக்கானலில் இருந்தது. திங்கட்கிழமையே அவர்களிடமிருந்து வேலைக்கான அழைப்பு வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று வருட ஒப்பந்தம். முடித்தால் குடும்பத்துக்கு மலையிலேயே குடியிருக்க நிரந்தரக் குளிர்வாழ் உரிமை. சமவெளியில் பிறந்தவர்களுக்கு வேறு எந்த வழியிலும் அது கிடைப்பதில்லை.

பியூலாவின் கணவன் செல்வின் பதினைந்து வருடம் உப்பு மூட்டை ஏற்றியவன். சிறுநீரகம் இரண்டும் பாதிக்குமேல் கெட்டிருந்தன. இந்த வெக்கையில் இருந்தால் இரண்டு வருடத்தில் முழுதாக நின்றுவிடும், குளிரான இடம் என்றால் பத்து வருடம்கூடப் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"அந்த வீட்ல என்ன கேட்டாங்க?" என்றான் செல்வின், அவள் வந்ததும்.

சொன்னாள்.

"மலையில இதெல்லாம் கிடையாதாமே."

"கிடையாது. அஞ்சு வட்டாரத்துக்கு மேல பாக்குற கம்பெனி நஷ்டஈடு குடுத்தாப் போதும். நேர்நிற்பு வேண்டாம்னு சட்டத்தைத் திருத்திட்டாங்க."

"நல்லதுதான. ஒவ்வொரு தடவையும் வந்து ரெண்டு நாள் சாப்பிட மாட்டேங்க."

வெள்ளிக்கிழமை திரைவழியாக நேர்காணல் நடந்தது. பேசியவள் பெயர் வைதேகி. அவளும் முன்னாள் ஒப்ப அலுவலர். கடலூர்ப் பக்கம் ஒன்பது வருடம் இருந்தவள். பழைய கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். அதைப் பார்த்தபோது பியூலாவுக்குத் தன் நெற்றி வியர்வை உறைத்தது. கேள்விகள் அரைமணி நேரத்தில் முடிந்தன.

"நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றாள் வைதேகி.

"எல்லாருக்குமே மூணு வருஷந்தானா? அதுக்குமேல நீட்டிக்க மாட்டீங்களா?"

வைதேகி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்ககிட்ட மறைக்க வேண்டியதில்ல. ஒப்பம் போடுறவங்களை எல்லாம் கம்பெனி அளந்து பாத்திருக்கு. நேர்நிற்புக்குப் போனவங்க கடைசியாப் போன வீட்டிலேருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜாக்கிரதையா இருக்காங்க. சந்தேகமா இருந்தா மூடிடுறாங்க. அதுக்கப்புறம் கணிப்பான் சொன்னதைப் போட ஆரம்பிச்சுடுறாங்க. அப்போ அவங்களுக்கும் கணிப்பானுக்கும் வித்தியாசம் இல்ல. அதனால புதுசா ஒருத்தரைக் கீழேருந்து எடுக்குறாங்க."

"உங்களுக்கு எத்தனாவது வருஷம்?"

"மூணாவது முடியப் போகுது. முன்னாடி நாற்பது இடத்துக்கும் பாத்துப் போட ஒன்றரை மணி நேரம் ஆகும். போன வாரம் ஆறு நிமிஷத்துல முடிச்சேன். முடிச்ச பிறகுதான் கடிகாரத்தைப் பாத்தேன்." வைதேகி மேசைமேல் எதையோ நகர்த்தி வைத்தாள். "நான் வேணும்னு பண்ணல, பியூலா. அது தானா நடக்குது."

அன்று மாலை பியூலா இதைச் சொன்னபோது செல்வின் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்காகப் போகாண்டாம்" என்றான்.

"உங்களுக்காகத்தான் போறேன். வேற எதுக்குப் போகணும்?"

"பெறவு என்ன யோசன?"

"வருஷத்துக்கு இருபத்துநாலு நாள் லீவு இருக்கு. ஒப்பத்துக்கு வார விடுமுறையே கிடையாது. வெயிலுக்கு ஞாயித்துக்கிழமை ஏது? லீவுல நான் எங்க போனாலும் அவங்க கேக்க முடியாது. யாராவது இறந்தா நானே அந்த வீட்டுக்குப் போவேன். ஒரு வீட்டுக்கு ஒரு நாள்."

"போன வருஷம் அந்த நாப்பது இடத்துலயும் சேர்த்து எத்தன பேரு?"

"முப்பத்தொரு பேரு."

செல்வின் விரலை மடக்கிப் பார்த்தான். "ஏழு குறையுதே."

"ஆமா."

"அப்ப ஏழு பேரு சாகாமப் பாத்துக்க" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பியூலா சம்மதம் அனுப்பினாள். எட்டு அளங்களை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள மதுரையிலிருந்து புதிய அலுவலர் ஒருவர் வந்தார். மேல அளத்து எண்ணுக்கு மேல் எப்போதும் ஒன்றைக் கூட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு மலையேறினாள்.

மலையில் செல்வினுக்கு முதல் மாதமே கால் வீக்கம் வடிந்தது. இரண்டாம் மாதம் ஏரியை அரைச் சுற்று நடந்தான். குளிர்கிறது என்று ஒருநாள் அவன் புகார் சொன்னபோது பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அவள் வாழ்க்கையில் யார் வாயிலும் கேட்டதில்லை.

முதல் சாவு வேதாரண்யத்தில். பியூலா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் மலையிறங்கிப் போனாள். இறந்தவரின் தம்பி கலியமூர்த்தி வாசலிலேயே நிறுத்தினான்.

"கம்பெனிலேருந்தா? பணம் வந்துருச்சு. கையெழுத்தும் போட்டுட்டோம்."

"அதுக்கு வரல. அன்னைக்கு ஒப்பம் போட்டது நான்."

"சட்டப்படி வரணுமா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

"எண்ணைச் சொல்லணும். இருபத்தொன்பது புள்ளி எட்டு. நீங்க கேக்குறதுக்குப் பதில் சொல்லணும்."

அவன் உள்ளே கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க என்று அளத்துப் பக்கம் நடந்தான். ஈரவெப்பமானி கடலோரத்தில், காற்று அடிக்கும் மேட்டில் நட்டிருந்தது. அவன் அண்ணன் வேலை பார்த்த பாத்தி முக்கால் கிலோமீட்டர் உள்ளே, உப்புக் குவியல்களுக்கு நடுவே இருந்தது. பியூலா அங்கே பத்து நிமிடம் நின்றாள். காற்று அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது.

"இதை யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல" என்றான் கலியமூர்த்தி. "இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

மறுநாள் முதல் வேதாரண்யத்துக்கு அவள் வேறு கணக்கு வைத்தாள். நிறுவனம் காரணம் கேட்டது. எழுதினாள். கருவியை இடம் மாற்ற ஐந்து மாதம் பிடித்தது. எல்லா வீட்டிலும் இப்படி ஏதாவது கிடைத்துவிடவில்லை. சில வீடுகளில் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. அங்கே தெருவில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அந்த வருடம் இறந்தவர்கள் இருபத்தாறு பேர். நிறுவனம் அவளுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. விடுப்பு நவம்பரோடு தீர்ந்திருந்தது. டிசம்பரில் இறந்த இருவரின் வீடுகளுக்கு அவளால் போக முடியவில்லை. சம்பளமில்லா விடுப்புக் கேட்டாள். ஒப்பந்தத்தில் இடமில்லை என்று பதில் வந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை செல்வின் அதைப் பற்றிக் கேட்டான். இருபத்துநான்கு வீடுகளையும் அவளால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், எங்கே குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது, யார் கடைசிவரை முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள் என்பதுவரை.

"மத்த ரெண்டு பேரு?"

பியூலா வாயைத் திறந்தாள். "முப்பது புள்ளி ஒண்ணு" என்றாள். "இன்னொண்ணு இருபத்தொன்பது புள்ளி ஆறு."

"பேரு, பியூலா."

அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.